உன் அப்பா இரண்டு முறை வேண்டாம் என்றார்

நூர்டால், விஸ்கான்சின்
1944 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தோராவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் பதினோரு பசுக்களும் இரண்டு கிழக் குதிரைகளும் வேளைக்குப் பசியெடுக்கிற நிலையில் இருக்கிறோம், பசியெடுக்கிறவரை நலம் என்றுதான் அர்த்தம். நீயும் அந்த சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல், வெல்டிங் பொறி கண்ணில் தெறிக்காமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உன் ஜூன் மாதக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய், கோபித்துக்கொள், நியாயம்தான். பட்டாணி அறுப்பு ஒரு முடிவுக்கு வராமல் உனக்கு என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை, அதனால் பேனாவைத் தொடவில்லை. இன்று சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்பா நாற்காலியில் தூங்குகிறார், தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நான் என்ன எழுதுகிறேன் என்று கவனிக்கிறார் என்றும் சொல்லலாம்.

வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டுமா என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். உன் தம்பி அர்விட் இத்தாலியில் போய்விட்டான் என்று தந்தி வந்த பிறகு பிப்ரவரியில் கேட்டாய், வேண்டாம், சமாளித்துக்கொள்கிறோம் என்று எழுதினேன், அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம். மே மாதம் மறுபடி கேட்டாய், அப்பாவுக்கு லேசான சளி, மற்றபடி ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று எழுதினேன், அது பொய். அப்பாவுக்குச் சளி இல்லை தோரா, மே மாதம் முதல் வாரத்தில் வைக்கோல் பரணிலிருந்து ஏணியோடு சேர்ந்து விழுந்து வலது தோள்பட்டை எலும்பு முறிந்துபோயிற்று. டாக்டர் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அறுப்புக் காலம் முடிகிறவரை ஒரு வாளிகூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இதை உன்னிடமிருந்து மறைத்தது தப்புத்தான். இப்போது கட்டு தளர்ந்துவிட்டது, விரல்கள் அசைகின்றன, பயப்படாதே. நம் ஊர் வழக்கப்படி மூன்றாவது முறை கேட்டவளுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும் அல்லவா, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், சாப்பாட்டு இடைவேளையில் படிக்காதே, அறைக்குப் போய்ப் படி.

கறவை முழுவதும் என் தலையில் விழுந்தது. காலையில் பதினொன்று, சாயங்காலம் பதினொன்று, விரல் கணுவெல்லாம் வீங்கிக் கல்யாண மோதிரத்தைக் கழற்றி சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், சர்க்கரைதான் கிடைப்பதில்லையே, டப்பாவாவது சும்மா இருக்க வேண்டாம். பக்கத்துப் பண்ணை பெர்கிட் மட்டும் சாயங்காலம் வந்து பாதிப் பசுக்களைக் கறந்து தந்துவிட்டுப் போவாள். கேட்டால் நாம் வேண்டாம் என்போம் என்று தெரிந்து அவள் கேட்பதே இல்லை, நேரே தொழுவத்துக்குள் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சண்டைக்குப் பழைய இரும்பு சேர்க்கிறார்கள் என்று கேட்டதும் உன் அப்பா நம் புல் வெட்டும் வண்டியை முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாரே, நினைவிருக்கிறதா, அதையும் அதை இழுக்க ஒரு ஜோடிக் குதிரையையும் இந்த வருஷம் பெர்கிட் வீட்டிலிருந்துதான் இரவல் வாங்கினோம். இரவல் கொடுக்கும்போது அவள் சும்மா கொடுப்பாளா, "உன் புருஷன் ஹால்வோர் குடுத்த இரும்புல ஒரு டாங்கியாவது பெர்லின் பக்கம் ஓடிட்டிருக்கும், ஆனா பட்டாணி அறுக்க அது திரும்பி வருமான்னுதான் தெரியல" என்று ஒரு போடு போட்டாள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் மீசை ஆடியது.

விஷயம் அந்தப் பட்டாணிதான். கீழ்ப்பக்கத்து ஆறு ஏக்கரிலும் டப்பாவில் அடைத்து விற்கிற கம்பெனிக்கு என்று போட்டிருந்தோம், எல்லாம் பட்டாளத்துக்குப் போகிற பட்டாணி. அது பழுத்தால் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான், அதற்குள் கொடியோடு அறுத்து வண்டியில் ஏற்றி, கொடியிலிருந்து பட்டாணியைப் பிரிக்கிற மிஷின் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகிவிடும், மாட்டுக்குத்தான் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் அர்விட் முகாமுக்குக் கிளம்புகிறதற்கு முந்தின நாள்வரை கொடி வாரினான். இந்த வருஷம் ஒற்றைக் கைக் கிழவரும் நானும். இதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் கம்பெனி நம்மோடு பேசாது, அப்பா ஏற்கெனவே பாதி மாட்டை விற்றுவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். நான் ஒன்று முடிவு செய்து வைத்திருந்தேன், உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பட்டாணி வீட்டுக்கு வராவிட்டால் உனக்கு "வா" என்று எழுதிவிடுவது. உன்னைப் பத்துப் பெண்களுக்கு மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள், நீ ஒட்டிய தகடு உள்ள கப்பல் தண்ணீரில் இறங்கியதைக் கரையில் நின்று பார்த்து அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டே அந்த முடிவைச் செய்தேன். மனசு கேட்கவில்லை, வேறு வழியும் தெரியவில்லை.

கம்பெனிக்காரர் டெம்ப்ஸி, வயல் வயலாகப் போய்ப் பட்டாணியை நசுக்கிப் பார்த்து இன்ன தேதியில் அறு என்று சொல்கிறவர், ஜூன் மாதம் வந்தபோது அப்பாவின் கட்டைப் பார்த்துவிட்டு, "சண்டையில பிடிபட்ட ஜெர்மன் கைதிங்க வந்து இறங்கியிருக்காங்க, நல்லா வேலை செய்யறாங்க, உங்களுக்கு ஆறு பேர் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அப்பா, "பரவாயில்ல, வேண்டாம்" என்றார். ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி கேட்டார், அப்பா மறுபடி, "வேண்டாம்" என்றார். டெம்ப்ஸி சரி என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் ஐரிஷ்காரர், வெட்டொன்று துண்டு இரண்டு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறவர், நம் ஜனங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பிக்கே முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவை சத்தியமாக வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை கேட்டால் அரைக் கோப்பை போதும் என்று சொல்லி மூன்று கோப்பை குடிப்பார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள், நூர்டாலில் எந்தப் பிள்ளையும் அழாது, பக்கத்தில் வந்து மூன்று தடவை கேட்க வேண்டும்.

ஆனால் தோரா, எனக்கு உண்மையாகவே தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. உன் அப்பா சொன்ன அந்த இரண்டு வேண்டாமும் நம் ஊர் வேண்டாமா, இல்லை நிஜமான வேண்டாமா? இருபத்தெட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் சொல்கிற ஆளா அவர், கல்லுளிமங்கன். ஜன்னலில் தொங்குகிற துணியில், பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்கான நீல நட்சத்திரத்தின் மேல் திரும்பி வராத பிள்ளைக்கான பொன் நட்சத்திரத்தை வைத்துத் தைத்தவள் நான், ஊசி குத்தின இடம் எனக்குத்தான் தெரியும். அங்கே நம் ஜனங்கள் கப்பலேறி வந்த பழைய நாட்டில் உன் பெரியப்பா வீட்டில் ஜெர்மன்காரர்கள் குடியேறி நான்கு வருஷம் ஆகிறது, ஒரு கடிதம் இல்லை. அவர்களையே கூப்பிட்டு அர்விட் நடந்த வயலில் விடுவதா? எனக்கு வெறுப்பு இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இருந்தது, நிறைய இருந்தது.

பன்னிரண்டாம் தேதி வந்துவிட்டது. டெம்ப்ஸி முந்தின நாள்தான் ஒரு காயை நசுக்கிப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை அறுங்கள், வெள்ளி தாண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கைதிகளைப் பற்றிக் கேட்கவில்லை, இரண்டு முறை கேட்டாயிற்றே. புதன்கிழமை காலை பால் கேன் எடுக்கிற லாரி வந்ததும், அப்பா குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம் பார்த்து, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மிஷின் கொட்டகையில் ஒரே இரைச்சல், புளித்த கொடி நாற்றம். டெம்ப்ஸி ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லவில்லை, மழை வெயில் விசாரிக்கவில்லை, "எனக்கு ஆறு ஆள் வேணும், நாளைக்குக் காலைல" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததைக் கேட்டு எனக்கே காது சிவந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னாரேம்மா" என்றார். "ரெண்டு தடவைதானே சொன்னார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, "மூணாவது தடவை கேட்டா என்ன சொல்வார்?" என்றார். "அதான் எனக்கும் தெரியல, நீங்க கேக்கலியே" என்றேன். அவர் பென்சிலால் தலையைச் சொறிந்தார். ஆட்களையெல்லாம் பிரித்து அனுப்பியாகிவிட்டது, சனிக்கிழமைக்குத்தான் ஆள் வரும் என்றார். சனிக்கிழமை வந்தால் அவர்களுக்குப் பட்டாணி அறுக்க வேலை இருக்காது, கல் பொறுக்கத்தான் வேலை இருக்கும் என்றேன். பிறகு நான் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன் தோரா, கெஞ்சினேன். ஒரே பையன் போய்விட்டான், அவருக்குக் கை இல்லை, நிலம் போகிறது, பெண்ணையும் இழுத்துப் பிடித்துக் கட்டிப்போடும்படி ஆகிவிடும், எனக்கு உதவி வேண்டும் என்று அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னேன். டெம்ப்ஸி காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, "நாலு பேர்தான் தர முடியும்" என்றார். நாலே போதும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கேன்களுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. அது இரண்டாவது தப்பு, ஆனால் அந்தத் தப்பை மறுபடியும் செய்வேன்.

வியாழக்கிழமை காலை நான் குதிரைகளைப் பூட்டி இரண்டு சுற்று அறுத்து முடிக்கும்போது லாரி வந்து நின்றது. நான்கு பேர், சட்டை முதுகில் பெரிய எழுத்தில் கைதி என்று குறி போட்டிருந்தது, காவலுக்கு ஒரு சிப்பாய், ஜார்ஜியா பக்கத்துப் பையனாம், துப்பாக்கியை வேலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்டான். மூன்று பேர் சின்ன வயசு. ஒருவன் திரும்பி நின்றபோது வெயிலில் சிவந்த பிடரியைப் பார்த்தேன், அர்விட்டுடையது மாதிரியே இருந்தது, எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. நான்காவது ஆளுக்கு நாற்பது வயசிருக்கும், ஹின்ரிச் என்று பெயர், மாடு வைத்திருந்தவன் என்று அவன் குதிரைகளைச் சுற்றி நடந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பா தொழுவத்திலிருந்து வெளியே வந்து நின்றார். அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு கூப்பிட்டது?" என்றார். "நான்தான்" என்றேன். திரும்பிக் கருவிக் கொட்டகைக்குள் போனார். தோரா, அந்த ஐந்து நிமிஷம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம் என்று எழுத வந்தேன், அன்றைக்கு எதிரிகளே எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அவர் இடது கக்கத்தில் கொடி வாருகிற கவைக்கோல்கள் இருந்தன. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார், மூன்று பேருக்குக் கொடுத்தாயிற்று. நான்காவது அர்விட்டுடையது, பிடியில் தோல் வாரைச் சுற்றி வைத்திருப்பானே, அதுதான். அதை யாருக்கும் கொடுக்காமல் இடது கையில் பிடித்துக்கொண்டு அப்பாவே வயலுக்குள் நடந்தார். ஒற்றைக் கையால் ஒரு கொத்தைக் குத்தித் தூக்கினார், பாதி தூரம் போய்ச் சரிந்து அவர் காலிலேயே விழுந்தது. மறுபடி குத்தினார். முகம் சாம்பலாகிவிட்டது, வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஹின்ரிச் தன் வரிசையில் சும்மா நின்றவன் நடந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினான். அப்பா தலையாட்டினார், இல்லை என்று. அவன் போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி கையை நீட்டினான். அப்பா மறுபடி தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவன் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, தன் பாஷையில் ஏதோ மெல்லச் சொல்லி மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினான். நம் வழக்கம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது, அடிபட்ட ஒருவரைப் பார்த்தான், விடாமல் கேட்டான், அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு அர்விட்டின் கவைக்கோலை அவனிடம் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து இடது கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழ நேரமில்லை, இன்னும் நாலரை ஏக்கர் அறுக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்குக் காப்பியும் ரொட்டியும் சீஸும் கொண்டுபோனேன். கைதிகளுக்கு முகாமிலிருந்தே ரொட்டி கொடுத்தனுப்புகிறார்கள், நாம் எதுவும் தர வேண்டியதில்லை என்று காகிதத்தில் இருந்தது. அப்பா காகிதத்தைப் படித்துவிட்டு, "காப்பிய பத்தி இதுல ஒண்ணும் போடலயே" என்றார், போட்டிருந்தது, நான் பார்த்தேன். அந்தச் சிப்பாய்ப் பையன் மேகத்தைப் பார்த்தபடி இருந்தான், அவனுக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அப்பா முறையாகக் கெட்டிலை நீட்டி, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று சைகை காட்டினார், இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்கத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கை கீழே இறங்குவதற்குள் நான்கு கோப்பைகளும் நீண்டுவிட்டன. அப்பா அப்படியே திகைத்துப் போய்விட்டார், அப்புறம் வண்டியோரம் வந்து என்னிடம் ரகசியமாக, "என்ன ஜனங்க ரக்னா இது, ஒரு தடவைக்கே வாங்கிடறாங்க" என்றார். ஜனவரிக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததும் அர்விட் ஞாபகம் வந்து குற்றமாக இருந்தது, பிறகு அவன் இருந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான் என்று தோன்றி மனசு ஆறியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி வண்டி கொட்டகைக்குப் போயிற்று. டெம்ப்ஸி ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றுவிட்டு நல்ல பச்சை என்று எழுதிக்கொண்டார், அடுத்த வருஷத்துக்கும் ஆறு ஏக்கர் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. பெர்கிட்டின் பையன் பிரான்சில் சண்டையில் இருக்கிறான். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அர்விட் படுத்திருக்கிற மண்ணு இன்னும் காயல, அவங்களுக்கு நீ காப்பி ஊத்தறே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, நானும் விடவில்லை, "உன் பையன் எங்கயாவது ஒரு வேலியோரம் பசியோட நின்னா அங்க ஒருத்தி ஊத்தட்டும்னுதான் ஊத்தறேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வியாழன், வெள்ளி இரண்டு சாயங்காலமும் கறக்க வரவில்லை, பதினொன்றையும் நானே கறந்தேன். நேற்றுச் சாயங்காலம் தொழுவத்துக்குள் போனால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நானும் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கறக்க உட்கார்ந்தேன், பால் விழுகிற சத்தம் மட்டும்தான். அவள் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு வாரம் வந்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு அறுத்த வயலோரம் காலி வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். டெம்ப்ஸியிடம் சொன்ன அந்த வேண்டாம் எந்த வேண்டாம் என்று. பைப்பில் புகையிலையை அழுத்தினார். அப்புறம் சொன்னார், "மொத தடவ சொன்னது என் வாய். ரெண்டாவது தடவ சொன்னது அர்விட். மூணாவது தடவ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்." என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. கவைக்கோலைக் கழுவித் துடைத்து அது எப்போதும் தொங்குகிற ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலைக்கு ஆளாக நீ வர வேண்டாம். இது வாய் சொல்கிற வேண்டாம் இல்லை, பொய் வேண்டாமும் இல்லை, நானும் அப்பாவும் இரண்டு நாள் பேசி முடிவு செய்த வேண்டாம். ஓட்ஸ் அறுப்புக்கும் நான்கு பேர் கேட்டு வைத்திருக்கிறோம், இந்த முறை அப்பாவே டெம்ப்ஸியைப் பார்க்கப் போனார், மாடு விற்கிற பேச்சு நின்றுவிட்டது. நீ கப்பலை ஒட்டு, பத்துப் பெண்களையும் விரட்டு, அந்தச் சண்டை சீக்கிரம் முடிய உன்னால் ஆனதைச் செய். ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம், அதற்கு நான் மூன்று முறை கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் தோரா. சமையலறையில் நீ குறுக்கும் நெடுக்கும் நடந்து வழியை அடைக்க வேண்டும். ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் மூன்று நாற்காலி காலியாக இருக்கிற மாதிரி இருக்கிறது, இரண்டுதானே என்று எண்ணிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புகிறேன், அழகாக இல்லை என்று பெட்டிக்குள் போட்டுவிடாதே, பூட்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். கண்ணாடி முகமூடியை வெக்கையாக இருக்கிறது என்று கழற்றாதே. உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பெண் சர்க்கரைக் கூப்பனைக் கடனாகக் கேட்டால் கொடு, அவளிடம் நீயும் எதையாவது கேள், கேட்கப் பழகிக்கொள், நான் ஐம்பத்திரண்டு வயசில் பழகினேன், கொஞ்சம் காது சிவக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைத் தவறவிடாதே. அர்விட்டின் கடைசிக் கடிதத்தை நீ கேட்டிருந்தாய், அசலை அனுப்ப மனசு வரவில்லை, கையால் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அவன் செய்த எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், உன் கப்பல்கள் போன இடமெல்லாம் கரை சேரட்டும், அவற்றில் போகிற பிள்ளைகள் தங்கள் அம்மாக்களிடம் திரும்பட்டும். பதில் போடும்போது அப்பாவின் தோளைப் பற்றி விசாரித்து எழுத மறக்காதே, கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார், ஆனால் கேட்டாயா என்று பார்ப்பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ரக்னா

பின்குறிப்பு: உன் அப்பா எழுந்துவிட்டார், பேனாவைக் கொடு என்கிறார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை, நானும் கல்யாணத்துக்கு முன் ஒரு வரி வாங்கியதில்லை. கீழே வரப்போகிற கோணல் எழுத்து அவருடையது, இடது கை. என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கக் கூடாதாம், மடித்து அவரே உறையில் போடுவாராம்.

தோரா. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா. நான் கேட்கிறேன்.
அப்பா